முதல் அடி: ஜேம்ஸ் பிரவுன் போன வழியில் ஏழு நாள்

ஜூன் 22, 2023, வியாழன். அகஸ்டா, ஜார்ஜியா

மழை. வாரத் தொடக்கத்தில் பிடித்தது இன்னும் விடவில்லை. நம்மூர்ச் சாரல் மாதிரி நச நசவென்று பெய்வதில்லை. கொட்டித் தீர்த்துவிட்டு நிற்கும், தார்ச்சாலையில் ஆவி கிளம்பும், அரை மணியில் மறுபடி கொட்டும். குடை வீண். செருப்புதான் சரி, ஷூ ஒருமுறை நனைந்தால் மூன்று நாள் காயாது.

அகஸ்டா என்றால் உலகத்துக்குக் கோல்ஃப். ஏப்ரலில் மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும் வாரத்தில் சாதாரண விடுதி அறையே பல மடங்கு விலைக்குப் போகும். ஜூனில் கேட்பாரில்லை. ஃபங்க் இசைக்காக, அதாவது தாளமே பிரதானமான அந்தக் கறுப்பின இசையை உருவாக்கிய பாடகர் ஜேம்ஸ் பிரவுனுக்காக வருகிறவர்கள் ஏப்ரலைத் தவிர எந்த மாதமும் வரலாம்.

பிராட் தெரு 800ஆம் எண் வரிசையில் சாலை நடுவே இருக்கிற திட்டில் ஜேம்ஸ் பிரவுன் நிற்கிறார். தோளில் போர்வை, கையில் மைக், பல் தெரியச் சிரிப்பு. நம்மூரில் சிலை என்றால் முதலில் பீடம், அப்புறம்தான் ஆள். இங்கே பீடமே இல்லை, ஆள் உயரத்தில் தரையோடு தரையாக நிற்கிறார். 2005 மே மாதம் திறந்தபோது அவரே உயிரோடு வந்து பார்த்தார். மக்கள் அண்ணாந்து பார்க்கக் கூடாது, பக்கத்தில் வந்து நிற்க வேண்டும் என்று கேட்டு வாங்கிய உயரம் இது. ஒரு வரிசை தள்ளி அதே தெருவின் நடுவில் 1878இல் எழுப்பிய கூட்டமைப்புப் படைவீரர் தூண் நிற்கிறது, உள்நாட்டுப் போரில் அடிமைமுறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலப் படைக்கு. 76 அடி. இரண்டையும் ஒரே படத்தில் அடக்க வேண்டுமென்றால் சிலைக்குப் பக்கத்தில் நின்று கிழக்கே பார்த்து எடுக்க வேண்டும். மழை நேரத்தில் தூணின் உச்சி தெரியவில்லை. அதுவும் நல்லதுதான்.

படம் எடுத்துக்கொண்டிருந்தபோது குப்பைத் தொட்டி மாற்ற வந்த நகராட்சி ஊழியர் வேலையை நிறுத்திவிட்டு, "போர்வையை மட்டும் எடுக்காதீங்க சார், காலையும் சேர்த்து எடுங்க, அந்தாளே கால்தான்" என்றார். சரியான பேச்சு.

இரவுச் சாப்பாடு ஆற்றோரம் ஒரு சின்னக் கடையில். பொரித்த கெளுத்தி மீன், சோள ரவைக் கஞ்சி (இங்கே கிரிட்ஸ்), வெண்டைக்காய் வறுவல், சர்க்கரை போட்ட தேநீர், எல்லாம் சேர்த்து 15 டாலர். வெண்டைக்காயை மோரில் நனைத்து, சோள மாவில் புரட்டிப் பொரிக்கிறார்கள். வழவழப்பு துளியும் இல்லை. காரம்தான் இல்லை. மேசையில் இருக்கும் குப்பியில் மிளகாய் ஊறிய வினிகர் இருக்கும், அதைத் தாராளமாக ஊற்றிக்கொள்ளலாம். பரிமாறிய அம்மா எல்லாரையும் "கண்ணு" என்றே கூப்பிட்டார், எழுபது வயதுக்காரரையும்.

ஜூன் 23, வெள்ளி. அகஸ்டா

ரெனால்ட்ஸ் தெருவில் இருக்கிற அகஸ்டா வரலாற்று அருங்காட்சியகத்தில் பிரவுனுக்குத் தனிக் கூடம். வாரத் தொடக்க நாட்களை நம்பிப் போகாதீர்கள், கடைசி நாட்கள்தான் உத்தரவாதம். மேடை உடைகள்தான் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை. பக்கத்தில் போய்த் தையலைப் பாருங்கள். ஓர் இரவில் பலமுறை முழங்காலில் விழுந்து எழுகிற ஆளுக்குத் தைத்த உடைகள்.

பிறந்தது 1933 மே 3, ஆற்றுக்கு அந்தப் பக்கம் தென் கரோலினாவின் பார்ன்வெல் அருகே, ஒற்றை அறைக் குடிசையில். இங்கிருந்து சுமார் 40 மைல். அம்மா விட்டுப் போனார். அப்பா அகஸ்டாவில் ட்விக்ஸ் தெருவில் இருந்த அத்தை வீட்டில் கொண்டுவந்து விட்டார். அது விலைமாதர் விடுதி. பையன் சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டான், ராணுவ முகாமிலிருந்து வரும் சிப்பாய்களுக்கு முன் ஆடிக் காசு பொறுக்கினான், அவர்களை விடுதிக்கு அழைத்தும் வந்தான். அந்த வீடு இன்றில்லை. போனால் சாலையும் புல்லும்தான். 9ஆம் தெருவுக்குத்தான் அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். நகரின் பெரிய அரங்குக்கும் 2006இல் அவர் பெயர் சூட்டினார்கள். அதே வருட டிசம்பர் 25 அன்று அட்லாண்டாவில் இறந்து, 30ஆம் தேதி அந்த அரங்கிலேயே பெட்டியில் கிடத்தப்பட்டார். மாலை போட ஊருக்குப் பொதுவான சமாதி கிடையாது. உடலைக் குடும்ப நிலத்தில் வைத்தார்கள், ஆற்றுக்கு அப்பால் பீச் ஐலண்டில். வீடும் அங்கேதான், தனியார் இடம், வாசலில் போய் நிற்பது மரியாதை இல்லை. ஆக, பூ வைக்க வருகிறவர்கள் சிலையின் காலடியில் வைக்கிறார்கள்.

பிராட் தெருவில் இம்பீரியல் திரையரங்கைத் தவறவிடாதீர்கள். சுற்றுப்பயணம் கிளம்பும் முன் குழுவை இங்கேதான் ஒத்திகை வாங்குவார். வாங்குவார் என்பதுதான் சரியான சொல். ஸ்வரம் பிசகினால் அபராதம். சப்பாத்து பளபளக்கவில்லையா, அபராதம். உடை கசங்கியதா, தாமதமா, அதற்கும். மேடையில் பாடிக்கொண்டே, ரசிகர்களுக்கு நடன முத்திரை போலத் தெரியும்படி, பின்னால் நிற்பவரைப் பார்த்துக் கையை விரித்து மூடுவார். ஒருமுறை விரித்தால் ஐந்து டாலர். மூன்று முறை விரித்தால் பதினைந்து. நின்று வாசித்தவர்களே சொன்ன கணக்கு இது. பழைய மேடைப் பதிவுகளைப் பார்க்கும்போது அவர் காலை விட்டுவிட்டு இடது, வலது கைவிரல்களை மட்டும் கவனியுங்கள். எந்தப் பாட்டில் யாருக்குச் சம்பளம் குறைந்தது என்று தெரியும்.

இதைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் உண்டு. அதில் எனக்கு உடன்பாடு இல்லை. மனைவியரை அடித்ததாக ஒருமுறைக்கு மேல் கைதானவர் அவர். கட்டுப்பாடு என்பது மேடையோடு நின்ற விஷயமில்லை. ஆனால் அதே ஊர், 1970 மே மாதம், சிறைக்குள் பதினாறு வயதுப் பையன் ஒருவன் அடிபட்டுச் செத்ததால் கலவரம் வெடித்து, ஆறு கறுப்பின ஆண்கள் போலீசால் முதுகில் சுடப்பட்டு இறந்தபோது, அமைதி காக்கச் சொல்லி வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேச ஓடிவந்தவரும் இவர்தான். வானொலி நிலையம் அவருக்கே சொந்தம். சிறுவயதில் அதன் வாசலில்தான் சப்பாத்துக்குப் பாலிஷ் போட்டார்.

ஜூன் 24, சனி. டொக்கோவா

வடக்கே இரண்டு மணி நேர ஓட்டம், மலை ஆரம்பிக்கிற இடம். வழியில் சாலையோரம் அவித்த வேர்க்கடலை. பச்சைக் கடலையைத் தோலோடு உப்புத் தண்ணீரில் மணிக்கணக்கில் வேகவிட்டு, பானையிலிருந்து நேராக அள்ளிப் பையில் போடுவார்கள். ஒரு பை 6 டாலர், ரொக்கம் மட்டும். நம்மூரில் அவிப்பதைவிட இரண்டு மடங்கு நேரம் வேகிறது, பருப்பு பீன்ஸ் மாதிரிக் குழைந்துவிடும். இரட்டைப் பை கேட்டு வாங்குங்கள். ஒற்றைப் பை அடியில் கசிந்து, வாடகைக் காரின் இருக்கையில் உப்புத் தண்ணீர் இறங்கிவிட்டது. உலர்ந்ததும் வெள்ளைக் கறை. ஈரத்துணியால் மூன்று முறை ஒற்றி எடுத்த பிறகுதான் போனது. தேய்த்தால் பரவும்.

டொக்கோவாவுக்கு வருகிறவர்கள் 186 அடி அருவிக்கும், இரண்டாம் உலகப்போரில் பாராசூட் படை பயிற்சி எடுத்த கரஹீ மலைக்கும் வருகிறார்கள். பிரவுன் வந்தது கைதியாக. 1949இல் பதினாறு வயதில் கார்களை உடைத்துத் திருடியதற்கு எட்டு முதல் பதினாறு ஆண்டு தண்டனை. சிறார் சிறையில் அவன் பெயர் மியூசிக் பாக்ஸ். சீப்பில் காகிதம் சுற்றி ஊதுவது, துணி துவைக்கும் தொட்டியில் பேஸ் வாத்தியம் செய்வது என்று உள்ளேயே ஒரு குழு.

அந்தத் தொட்டி பேஸ் எப்படி என்றால்: தகரத் தொட்டியைக் கவிழ்த்து, அடிப்பாகத்தின் நடுவில் ஓட்டை போட்டு, ஒரு கயிற்றை உள்ளிருந்து முடிச்சுப் போட்டு வெளியே இழுக்க வேண்டும். கயிற்றின் மறுமுனையைத் துடைப்பக் கம்பின் தலையில் கட்டி, கம்பின் அடியில் காடி வெட்டித் தொட்டி விளிம்பில் ஊன்ற வேண்டும். கம்பைப் பின்னால் சாய்த்தால் கயிறு முறுக்கேறிச் சுருதி ஏறும், முன்னால் விட்டால் இறங்கும். தரையோடு ஒட்டி வைத்தால் சத்தம் செத்துவிடும், ஒரு பக்கத்தைச் செங்கல் வைத்துத் தூக்க வேண்டும். இதில் ராகம் வாசிக்க முடியாது. 'டும்' எங்கே விழ வேண்டும் என்று மட்டும்தான் யோசிக்க முடியும். பிற்காலத்தில் பத்துப் பேர் குழுவை அவர் நடத்திய விதத்துக்கும் இந்தத் தொட்டிக்கும் சம்பந்தம் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

1952 ஜூனில் விடுதலை. பாபி பேர்ட் என்ற உள்ளூர்ப் பையனின் குடும்பம் பொறுப்பேற்றது. அகஸ்டாவுக்குத் திரும்பக் கூடாது என்பது நிபந்தனை. பேர்டின் குழுவில் பாடகர்களில் ஒருவராகச் சேர்ந்தார். சில வருடங்களில் குழுவின் பெயருக்கு முன்னால் அவர் பெயர் வந்தது. பேர்ட் ஏறக்குறைய இருபது வருடம் பக்கத்தில் நின்று பதில் குரல் கொடுத்தார். 'செக்ஸ் மெஷின்' பாட்டில் பிரவுனுக்கு எதிர்க்குரல் கொடுப்பது அவர்தான்.

ஊர் சனிக்கிழமை மாலையே அடங்கிவிடுகிறது. ஏழரைக்குள் சாப்பிடாவிட்டால் பெட்ரோல் பங்க் சாண்ட்விச்தான்.

ஜூன் 25, ஞாயிறு. மேக்கன்

ஞாயிறு மதியம் மேக்கனில் சாப்பிடப் போகிறவர்கள் பதினொன்றரைக்கு முன் போய்விட வேண்டும். பன்னிரண்டரைக்குத் தேவாலயம் விட்டதும் தொப்பி வைத்த பெண்கள், கோட்டு போட்ட சிறுவர்கள் என்று வரிசை தெருவுக்கு வந்துவிடும். வரிசையில் யாரும் முந்துவதில்லை. வயதானவர் வந்தால் முன்னால் இருப்பவரே கையைப் பிடித்து உள்ளே அனுப்புகிறார். ஓர் இறைச்சி, மூன்று தொடுகறி, சோள ரொட்டி, 17 டாலர். சைவர்கள் கவனிக்க: காலர்ட் கீரை பார்க்க நம் கீரைக் கடைசல்போல அப்பாவியாக இருக்கும், உள்ளே புகையிட்ட பன்றிக் காலெலும்பு கிடக்கும். பீன்ஸிலும் அதே கதை. கேட்டு வாங்குங்கள், முகம் சுளிக்க மாட்டார்கள்.

பலகையில் சிட்லின்ஸ் இருந்தது. பன்றிக் குடல். நம் குடல் குழம்பைப் போலவே பாதி வேலை கழுவுவதில்தான். வெங்காயமும் வினிகரும் போட்டு மணிக்கணக்கில் கொதித்தால் பாதிக்கும் குறைவாகச் சுருங்கும். நிறவெறிச் சட்டக் காலத்தில் கறுப்பினக் கலைஞர்கள் பாட அனுமதி இருந்த அரங்குகளின் சங்கிலிக்கு 'சிட்லின் சர்க்யூட்' என்றே பெயர். இங்கே இருக்கும் டக்ளஸ் திரையரங்கு அதில் ஒன்று. ஞாயிறு பூட்டியிருக்கும், வெளியிலிருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

பீச் பழம் தேடிப் போனதில் ஏமாற்றம். ஜார்ஜியாவின் பீச் பூமி மேக்கனுக்குத் தெற்கேதான் தொடங்குகிறது. ஆனால் இந்த வருடம் குளிர்காலம் சூடாக இருந்து மரம் சீக்கிரம் பூத்து, மார்ச்சில் திடீர்ப் பனி விழுந்து, பூவெல்லாம் கருகிவிட்டது. மாநில விளைச்சலில் பத்தில் ஒன்பது பங்கு போய்விட்டது. சாலையோரக் கடையில் ஆறு பழத்துக்கு 9 டாலர் கேட்டார், "இதுவும் எங்க ஊர்ப் பழம் இல்லை" என்றும் அவரே சொன்னார். வாங்காமல் வர மனசில்லை.

மேக்கனின் பெரிய ஆள் ராக் அண்ட் ரோல் பாடகர் லிட்டில் ரிச்சர்ட். 1955 கடைசியில் அவர் பாட்டு வெடித்ததும் ஊரைவிட்டுக் கிளம்பிவிட்டார், ஒப்புக்கொண்ட கச்சேரிகள் மீதமிருந்தன. அவருடைய மேலாளர் கிளின்ட் பிராண்ட்லி கையில் அப்போது இருந்தவர் பிரவுன். லிட்டில் ரிச்சர்ட் என்று சொல்லியே மேடையேற்றினார். ஊர் பார்த்தது, சில இடங்களில் கண்டுபிடித்துக் கூச்சலும் போட்டது, முடிவில் கைதட்டியது.

அதே வருட நவம்பரில் மேக்கனின் டபிள்யு-ஐ-பி-பி வானொலி நிலையத்தில் ஒரு மாதிரிப் பதிவு: 'ப்ளீஸ், ப்ளீஸ், ப்ளீஸ்'. பாட்டில் வார்த்தைகள் கொஞ்சம், கெஞ்சல் மிச்சம். சிகாகோவிலிருந்து செஸ் இசைத்தட்டு நிறுவனத்தார் வந்து ஒப்பந்தம் போடுவதாக இருந்தது, மோசமான வானிலையில் தாமதமானார்கள். சின்சினாட்டியின் கிங் இசைத்தட்டு நிறுவனத்துக்காகத் தெற்கே அலைந்துகொண்டிருந்த ரால்ஃப் பாஸ் அட்லாண்டாவில் பதிவைக் கேட்டுவிட்டு, மழையில் இரவோடு இரவாகக் காரோட்டி வந்து 200 டாலர் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிட்டார். மழையும் 200 டாலரும் செய்த வேலை.

ஜூன் 26, திங்கள். ஐ-75 நெடுஞ்சாலை, வடக்கு நோக்கி

மேக்கனிலிருந்து சின்சினாட்டி சுமார் 545 மைல். ஒரே சாலை, திருப்பமே இல்லை. பெட்ரோல் ஜார்ஜியாவில் கேலன் 3.25 டாலர். அட்லாண்டாவைக் காலை ஆறரைக்குள் தாண்ட வேண்டும். ஏழே காலுக்குப் போய் மாட்டினால் முக்கால் மணி போச்சு. போச்சு.

முக்கால் மணி நெரிசலில் நிற்கும்போது செய்யத் தகுந்த வேலை, பிரவுனின் 'கோல்ட் ஸ்வெட்' பாட்டின் தாளத்தை எண்ணுவது. போன் ஒலிபெருக்கியில் கேட்டால் பேஸ் காணாமல் போகும், காரின் ஒலிப்பெட்டியில் போடுங்கள்.

தொடையில் தாளம் போட்டு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒவ்வோர் அடிக்கும் சதுஸ்ரமாக நான்கு மாத்திரை, மொத்தம் பதினாறு. அந்தக்கால ரிதம் அண்ட் ப்ளூஸ், ராக் இசையில் ஸ்னேர் ட்ரம் ('டப்' என்று வெடிக்கும் சின்ன மேளம்) இரண்டிலும் நான்கிலும் விழும், ஐந்தாவது, பதின்மூன்றாவது மாத்திரைகளில். கைதட்டுவதும் அங்கேதான். பிரவுன் அழுத்தத்தை ஒன்றுக்கு மாற்றினார். நம் சமம். யார் எங்கே சுற்றினாலும் சமத்தில் வந்து விழ வேண்டும். சமம் உறுதியானதும் மற்ற அடிகளை நகர்த்தலாம் என்ற சுதந்திரம் வந்துவிடுகிறது. 'கோல்ட் ஸ்வெட்'டில் ஸ்னேர் இரண்டில் ஒழுங்காக விழும். நான்கில் விழ வேண்டியதை எதிர்பார்த்துத் தொடையைத் தட்டினால் அங்கே ஒன்றும் இருக்காது. அரை அடி தள்ளி, பதினைந்தாவது மாத்திரையில் விழும். உடனே அடுத்த சமம். தடுக்கி விழப்போனவர் சரியான படியில் கால் வைத்துவிடுவதுபோல. முதல்முறை எண்ணும்போது எல்லாரும் பதின்மூன்றில் ஏமாறுவார்கள். நான்காம் அடியை வாயால் சொல்லாமல் மனதில் விட்டுவிட்டால் பிடிபடும்.

ட்ரம் வாசித்தவர் கிளைட் ஸ்டபிள்ஃபீல்ட். 1943இல் சாட்டனூகாவில் பிறந்தவர், மதியம் தாண்டிய ஊர். தொழிற்சாலைச் சத்தத்தையும் ரயில் சத்தத்தையும் கேட்டே தாளம் பழகியவர், யாரிடமும் பாடம் கற்கவில்லை. பெரிய அடிகளுக்கு நடுவே ஸ்னேரின் மேல் குச்சி லேசாகத் துள்ளும் அடிகளையும் கவனியுங்கள். நிழலடி என்று சொல்லலாம். குச்சியை அரை அங்குலத்துக்கு மேல் தூக்கினால் அது நிழலாக இருக்காது.

கிட்டார் ஜிம்மி நோலன். வலது கை பதினாறு மாத்திரையும் நிற்காமல் மேலும் கீழும் போகும். இடது கை தந்தியை முழுக்க அழுத்துவதில்லை, ஒரு நொடித்துளி அழுத்தி உடனே தளர்த்தும். அழுத்தினால் சுருதி, தளர்ந்தால் வெறும் 'சிக்'. கோழி கிளறுகிற மாதிரி என்று அதற்குப் பெயர். புதிதாகப் பழகுகிறவர்கள் இடது கையைத் தந்தியிலிருந்து முற்றிலும் எடுத்துவிடுவார்கள், அப்போது தந்தி திறந்து அதிரும், எல்லாம் கெட்டது. தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

பாட்டு பிறந்த கதை: 1967இல் பிரவுன் ஒரு கச்சேரி முடிந்து உடை மாற்றும் அறையில் பேஸ் எப்படிப் போக வேண்டும் என்று வாயாலேயே உறுமிக் காட்டினார், கொன்னக்கோல் சொல்வதுபோல. சாக்ஸஃபோன்காரர் பீ வீ எல்லிஸ் பஸ்ஸில் சின்சினாட்டி போகும் வழியில் அதை எழுதினார். ஊதுகுழல்கள் இடும் அந்த இரண்டு ஸ்வர முத்தாய்ப்பு ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'ஸோ வாட்'டிலிருந்து வந்தது என்று பிற்பாடு அவரே ஒப்புக்கொண்டார். உறுமலும் ஜாஸும் பஸ்ஸில் சந்தித்தன.

அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1965 பிப்ரவரியில், இதேபோல் ஊர்விட்டு ஊர் போகும் வழியில் வட கரோலினாவின் சார்லட்டில் இறங்கி 'பாப்பாஸ் காட் எ பிராண்ட் நியூ பேக்' பதிந்தார்கள். ஏழு நிமிடம் ஓடியது. வெளியிடும்போது வெட்டி, நாடாவின் வேகத்தைக் கூட்டி, சுருதி அரைப்படி ஏறும்படி விட்டார்கள். வேகம் கூட்டாத மூலப் பதிவு 1991இல் ஒரு தொகுப்பில் வந்தது. அடுத்தடுத்துக் கேளுங்கள். மூலத்தில் களைத்துப்போன மனிதர்கள் வாசிக்கிறார்கள்.

ஜூன் 27, செவ்வாய். நாக்ஸ்வில் வழியாக

இரவுத் தங்கல் நாக்ஸ்வில்லில். 1968இல் பிரவுன் இங்கே ஒரு வானொலி நிலையம் வாங்கினார், பெயரிலேயே தன் முதலெழுத்துகளை வைத்து, டபிள்யு-ஜே-பி-இ. அகஸ்டா, பால்ட்டிமோர், இது என்று மூன்று நிலையங்கள் வைத்திருந்தார். மூன்றும் கைவிட்டுப் போயின. கென்டக்கியில் இடிமழை. வேறு விசேஷம் இல்லை.

ஜூன் 28, புதன். சின்சினாட்டி, ஒஹையோ

மழை போய்ப் புகை வந்தது. கனடாக் காட்டுத்தீயின் புகை இன்று இங்கே இறங்கியிருக்கிறது. சூரியன் ஆரஞ்சு வில்லை, ஆற்றுக்கு அக்கரை தெரியவில்லை. பழைய கோவிட் முகமூடி பையில் கிடந்தது நல்லதாய்ப் போயிற்று.

மதியம் சின்சினாட்டி சில்லி. பெயரை நம்பி மிளகாயை எதிர்பார்க்க வேண்டாம். பட்டை, மசாலா மணக்கும் தண்ணியான கொத்துக்கறிக் குழம்பை ஸ்பகெட்டி மேல் ஊற்றி, துருவிய சீஸை மலைபோல் குவித்துத் தருகிறார்கள். இதற்கு 'த்ரீ-வே' என்று பெயர். வெங்காயமோ பீன்ஸோ சேர்ந்தால் நாலு, இரண்டும் சேர்ந்தால் ஐந்து. 8 டாலர். சுழற்றிச் சாப்பிட்டால் பக்கத்து மேசைக்காரர்கள் பார்க்கிறார்கள், முள்கரண்டியின் ஓரத்தால் வெட்டி வெட்டித்தான் எடுக்க வேண்டுமாம். கல்யாண வீட்டுக் குருமாவில் இடியாப்பம் போட்ட மாதிரி. எனக்குப் பிடித்தது.

கிங் ரெக்கார்ட்ஸ், 1540 பிரூஸ்டர் அவென்யூ, எவன்ஸ்டன் பகுதி. சிட் நேதன் 1943இல் தொடங்கிய நிறுவனம். பதிவுக்கூடம், அச்சு எடுக்கும் பட்டறை, தட்டு அழுத்தும் இயந்திரங்கள், உறை அச்சடிக்கும் இடம், கிடங்கு, எல்லாம் ஒரே வளாகம். லாக்கர் பூசிய தட்டில் பள்ளம் வெட்டி, அதன்மேல் உலோகம் படியவைத்து எதிரச்சு எடுத்து, சூடான வினைல் உருண்டையை இரண்டு அச்சுகளுக்கு நடுவே நசுக்கி, ஓரத்தைச் சீவி உறையில் போடுவது வரை வெளியாளே வேண்டாம். 1956 பிப்ரவரி 4 அன்று 'ப்ளீஸ்' இங்கே பதிவானது, கிங்கின் துணை முத்திரையான ஃபெடரலில் 12258ஆம் தட்டு. நேதனுக்குப் பாட்டு சகிக்கவில்லை. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பப் பாடுகிறானே என்று கத்தினார். விற்ற பிறகு கத்தல் நின்றது. 1962இல் நியூயார்க்கின் அப்பல்லோ அரங்கக் கச்சேரியைப் பதிய வேண்டும் என்றபோது அதற்குக் காசு தர மறுத்தவரும் அவரே. பிரவுன் தன் கையிலிருந்து 5,700 டாலர் போட்டுப் பதிந்தார். அந்தத் தட்டு 66 வாரம் விற்பனைப் பட்டியலில் நின்றது.

1970 மார்ச்சில் குழு சம்பளம் கேட்டு முரண்டு பிடித்தது. பிரவுன் தன் ஜெட் விமானத்தை இந்த ஊருக்கு அனுப்பி, கிங் வாசலிலேயே சுற்றிக்கொண்டிருந்த பையன்களை ஏற்றிவரச் செய்தார். அண்ணன் தம்பி இருவர், கேட்ஃபிஷ் காலின்ஸ், பூட்ஸி காலின்ஸ். பூட்ஸிக்குப் பதினெட்டு வயது, வாசித்தது மலிவான கிட்டாரில் பேஸ் தந்தி மாட்டிய வாத்தியம். விரல் நிறைய ஸ்வரம் வாசிக்கிற பையனிடம் பிரவுன் கேட்டது ஒன்றுதான்: மற்ற இடத்தில் என்ன வேண்டுமானாலும் செய், ஒன்றில் மட்டும் என்னிடம் வந்துவிடு. ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை, கிளம்பிவிட்டார். கற்றதை எடுத்துக்கொண்டு பார்லமென்ட்-ஃபங்கடெலிக் என்ற ஃபங்க் குழுவுக்குப் போனார். 1971இல் இந்தக் கூடமும் மூடியது.

கட்டடம் இன்று வெறும் செங்கல் கூடு. பெயர்ப்பலகை எதிர்பார்க்காதீர்கள், 2008இல் நட்ட நினைவுப் பலகையைத் தேடுங்கள். உள்ளே விட மாட்டார்கள். பக்கத்திலேயே ஐ-71, லாரி இரைச்சலில் போன் பாட்டு எடுபடாது. காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் கேட்க முடியும். கேட்க வேண்டியது 'ஃபங்கி ட்ரம்மர்', 1969 நவம்பர் 20, இதே சுவருக்குள் பதிந்தது. ஒரு கட்டத்தில் பிரவுன் எல்லாரையும் நிறுத்தச் சொல்லி ட்ரம்மரை மட்டும் விடுகிறார். தனி ஆவர்த்தனம் எல்லாம் வேண்டாம், வைத்திருப்பதையே வாசி என்கிறார். ஸ்டபிள்ஃபீல்ட் அப்படியே செய்கிறார், எட்டு சுற்று, சுமார் இருபது நொடி. 1980களின் கடைசியிலிருந்து ஹிப்-ஹாப் தயாரிப்பாளர்கள் அந்த இருபது நொடியை வெட்டி நூற்றுக்கணக்கான பாட்டுகளுக்கு அடியில் ஓட்டியிருக்கிறார்கள். பப்ளிக் எனிமி குழுவின் 'ஃபைட் த பவர்' உட்பட. பாட்டின் உரிமை பிரவுன் பெயரில். வாசித்தவருக்கு அன்றைய கூலி. 2000இல் புற்றுநோய் வந்தபோது மருத்துவமனைக் கடனில் சுமார் 90,000 டாலரைச் சத்தமில்லாமல் கட்டியவர் பாடகர் பிரின்ஸ், அதை ஸ்டபிள்ஃபீல்ட் வெளியே சொன்னதே 2016இல் பிரின்ஸ் இறந்த பிறகுதான். அடுத்த பிப்ரவரியில் அவரும் போனார். பிரவுனின் சொத்து வழக்கு பதினைந்து வருடம் இழுத்து, 2021இல் பாட்டுரிமைகளோடு விலை போனது. சுமார் 9 கோடி டாலர் என்று செய்தி.

இரண்டாம் முறை அந்த இருபது நொடியை ஓடவிட்டபோது கண்ணாடியை யாரோ தட்டினார்கள். எதிர்வீட்டு அம்மா, முகமூடியோடு. "தம்பி, யாரைத் தேடி வந்தீங்கன்னு தெரியும், எல்லாரும் இங்கேதான் நிறுத்துவாங்க. கொஞ்சம் பின்னாடி எடுங்க, குப்பை வண்டி திரும்பணும்." எடுத்தோம். வண்டி திரும்பியது. இருக்கைக்கு அடியில் இரண்டு கடலைத் தோல் இன்னும் கிடந்தது.